மேசைக் கேள்விகள்: ஹேக்கர் நெட்டுக்குள் போனால் மற்றவர்கள் என்ன செய்வது?

ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரம் எடுத்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆர்பிஜி ஆட்டங்களைப் பற்றிய பகுதி இது. இந்த மாதம் வந்த கடிதங்களில் நிறைய ஒரே பக்கம் போயின. சைபர்பங்க் ஆட்டம் (பெரு நிறுவனங்களும் கணினி வலைகளும் ஆளும் இருண்ட எதிர்காலக் கதை), அதில் ஹேக்கர், அந்த ஹேக்கருக்கு விதிநூல் சொல்வது போதவில்லை, நம் மேசைக்கு நாமே என்ன வீட்டு விதி எழுதிக்கொள்ளலாம் என்பதுதான் கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

வணக்கம் அண்ணா. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். நண்பர்கள் ஐந்து பேருக்கு சனிக்கிழமைதோறும் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சைபர்பங்க் ஆட்டம் நடத்துகிறேன். கதை நடப்பது எதிர்காலச் சிங்கப்பூரில். ஹேக்கர் வேலையை ஆரம்பித்தால் அரை மணி நேரம் அவனும் நானும் மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கிறோம், மற்ற நாலு பேரும் ஃபோனை எடுத்துவிடுகிறார்கள். ஹேக்கரையே தடை செய்துவிடலாமா?
ஈசூன் வாசகர்

தடை செய்யாதீர்கள், தம்பி. உங்கள் மேசையில் நடப்பது இந்த வகை ஆட்டம் பிறந்த நாளிலிருந்தே நடப்பதுதான். 1990இல் வந்த 'சைபர்பங்க் 2020' என்ற ஆட்டத்தில் நெட், அதாவது ஹேக்கர் புகும் கணினி வலை, தனி வரைபடம், தனி விதி, தனிச் சண்டை. நெட்ரன்னர் (அந்த ஆட்டத்தில் ஹேக்கருக்குப் பெயர்) உள்ளே போய்விட்டால் மற்றவர்களுக்கு வேலையே இல்லை, அதனால் அந்த நேரத்தில் அவர்கள் பீட்சா வாங்கப் போய்வருவார்கள் என்று அமெரிக்க ஆட்டக்காரர்கள் சொல்வது வழக்கம். எங்கள் மேசையில் அது தே. ஒருவர் எழுந்து போய், கோப்பிக்கடை வரிசையில் நின்று, ஆறு பேருக்கும் தே கட்டிக்கொண்டு திரும்பினார், ஹேக்கர் அப்போதும் இரண்டாவது கடவுச்சொல்லோடு போராடிக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுதியதுதான் என் முதல் வீட்டு விதி.

2020இல் வந்த சைபர்பங்க் ரெட் இந்தச் சிக்கலைப் பாதி தீர்த்துவிட்டது. அதில் நெட்ரன்னர் இணைப்புப் புள்ளிக்கு 6 மீட்டருக்குள் உடலோடு வந்து நிற்க வேண்டும். வீட்டில் சோபாவில் சாய்ந்துகொண்டு உலகத்தையே ஹேக் செய்ய முடியாது, கூட்டாளிகளோடு அதே தாழ்வாரத்தில், அதே துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே நின்றாக வேண்டும். நெட்டும் பெரிய ஊர் மாதிரி விரிந்து கிடக்காது, லிஃப்டில் இறங்குவது போல மாடி மாடியாக இருக்கும். ஹேக்கிங் திறமையில் தரம் 4 உள்ள ஒருவருக்கு அவர் முறை வரும்போது 3 நெட் செயல்கள், அதாவது நெட்டுக்குள் மூன்று வேலை செய்யலாம். இவ்வளவும் நல்ல அடித்தளம். ஆனாலும் மேசையில் அந்த மூன்று செயல்களையும் ஒவ்வொன்றாக யோசித்து, கேட்டு, உருட்டி, மறுபடி யோசித்து இழுத்தால் பழைய கதைதான், அதனால் நான் இரண்டு விஷயம் சேர்த்தேன்.

முதலாவது நேரம். மற்றவர்கள் விளையாடும்போதே ஹேக்கர் தன் மூன்று செயல்களையும் துண்டுச்சீட்டில் எழுதிவிட வேண்டும், முறை வந்ததும் மூன்று பகடையையும் ஒன்றாக உருட்டுவார். இடையில் ஒன்று தோற்றால் அதற்குப் பின்னால் எழுதியவை நடக்காது. எழுதாமல் முறை வந்துவிட்டால் ஒரே ஒரு செயல்தான். இரண்டு வாரத்தில் பழகிவிடுவார்கள், முக்கியமாக ஹேக்கர் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனிக்க ஆரம்பிப்பார், ஏனென்றால் கவனிக்காமல் எழுதிய சீட்டு வீணாகிவிடும்.

இரண்டாவதுதான் எனக்கு உயிரான விதி. ஹேக்கர் பெறும் ஒவ்வொரு வெற்றியும் இன்னொரு ஆட்டக்காரரின் கையில் போய்ச் சேர வேண்டும். நிஜமாகவே கையில். சின்ன அட்டைகள் வெட்டி வைத்திருக்கிறேன், கதவு, கேமரா, விளக்கு, லிஃப்ட், வண்டி, ஒலிபெருக்கி என்று எழுதி. ஹேக்கர் ஒரு கட்டுப்பாட்டைப் பிடித்தால் அந்த அட்டையை மேசையில் யாருக்காவது கொடுத்தே தீர வேண்டும், அதை எப்போது, எதற்குப் பயன்படுத்துவது என்று வாங்கியவர் முடிவு செய்வார். துவாஸ் துறைமுகத்தில் ஒரு காட்சி வைத்துப் பாருங்கள். அது 2022இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட இடம், ஓட்டுநர் இல்லாத வண்டிகள் கொள்கலன்களைச் சுமந்து தாமாகவே ஓடுகின்றன, உங்கள் எதிர்காலத்துக்கு நீங்கள் புதிதாகக் கற்பனை செய்ய வேண்டியதே குறைவு. ஹேக்கர் ஒரு வண்டியைப் பிடித்து அட்டையைத் துப்பாக்கிக்காரரிடம் கொடுக்கிறார். அவர் அதைத் தன் முன்னால் நிறுத்தி மறைவாக்கிக்கொள்வாரா, காவலர்கள் பக்கம் விரட்டுவாரா என்பது அவர் பாடு. இப்போது நாலு பேரும் ஹேக்கரின் பகடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதில் விழும் எண் அவர்களுடையதும்கூட.

அண்ணா, நான் உருட்டினால் தோல்விதான். என் நெட்ரன்னரின் தரம் 4, எதிரே வரும் எண் பெரும்பாலும் 8. அவ்வளவு கஷ்டமில்லையே, ஏன் எப்போதும் மாட்டிக்கொள்கிறேன்?
தெம்பனிஸ் வாசகி

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம், தங்கச்சி. ரெட் விதிப்படி பத்துமுகப் பகடையில் விழுவதோடு தரத்தைக் கூட்டி, இலக்கு எண்ணை மிஞ்ச வேண்டும், சமமாக வந்தால் போதாது. அதனால் உங்களுக்கு 5 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், 60 சதவீத வாய்ப்பு. நல்ல வாய்ப்புதான். ஆனால் எதிரியின் கோப்பு ஒன்றை எடுக்க முதலில் கடவுச்சொல், பிறகு காவல் நிரல், பிறகு கோப்பு என்று மூன்று முறை வரிசையாக வெல்ல வேண்டும் என்று உங்கள் ஆட்டத்தை நடத்துபவர் வைத்திருந்தால் அது 60 சதவீதத்தை மூன்று முறை பெருக்குவது, மொத்தம் 21.6 சதவீதம். ஐந்து முறை முயன்றால் ஒரு முறைதான் கோப்பு கிடைக்கும். துப்பாக்கி வைத்திருப்பவரிடம் யாரும் "முதலில் எடுப்பதற்கு உருட்டு, குறி பார்ப்பதற்கு உருட்டு, விசையை அழுத்த உருட்டு" என்று கேட்பதில்லை. உங்கள் தவறு எதுவுமில்லை, வரிசையாக அடுக்கிய சோதனைகள் செய்யும் வேலை இது.

ஆட்டத்தை நடத்துபவரிடம் இந்தக் கணக்கைக் காட்டி ஒரு மாற்றம் கேளுங்கள். தோற்றாலும் கதவு திறக்கட்டும், ஆனால் தடம் பதியட்டும். எங்கள் மேசையில் தடம் என்பது ஆறு கட்டங்கள் கொண்ட ஒரு வரிசை, எல்லோர் கண்ணிலும் படும்படி மேசை நடுவில் இருக்கும். தோற்கும் ஒவ்வொரு முறையும் ஹேக்கர் தேர்ந்தெடுக்கலாம், பின்வாங்குவது, அல்லது ஒரு கட்டத்தை நிரப்பிவிட்டு முன்னே போவது. 2 கட்டம் நிரம்பினால் யாரோ ஒரு காவலர் திரையைத் திரும்பிப் பார்க்கிறார், 4இல் ஆள் அனுப்புகிறார்கள், 6இல் கட்டடமே பூட்டிக்கொள்கிறது. இப்படி ஒன்றை ஷேடோரன் ஆட்டத்தின் 5ஆம் பதிப்பிலும் (2013) பார்க்கலாம், அங்கே சட்டவிரோதச் செயல்களுக்குப் புள்ளி ஏறிக்கொண்டே போய் 40ஐத் தொட்டால் பிடிபடுவீர்கள். அங்கே அந்த எண்ணிக்கையை ஆட்டத்தை நடத்துபவர் ரகசியமாக வைத்திருப்பார். நான் அதை வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். ஐந்தாவது கட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்கும்போது மேசையில் விழும் அமைதியை நீங்கள் ஒரு தடவை அனுபவித்துவிட்டால் மறுபடி ரகசியமாக எண்ண மாட்டீர்கள்.

எங்கள் ஆட்டத்தை நடத்துபவர் முக்கியமான இடம் வந்தாலே "இங்கே வெளி இணைப்பு கிடையாது" என்று சொல்லிவிடுகிறார். அப்புறம் நான் எதற்கு ஹேக்கர்?
செங்காங் வாசகர்

அவர் சொல்வது பொய்யில்லை. இணையத்திலிருந்து பிரித்து வைக்கப்பட்ட கணினி நிஜத்தில் உண்டு, நம் ஊரிலேயே 2017இல் அரசாங்க ஊழியர்களின் அலுவலகக் கணினிகளை இணையத்திலிருந்து பிரித்தார்கள். ஆனால் அவர் அதைச் சுவராக நிறுத்துகிறார், அங்கேதான் எனக்கு வருத்தம். பிரித்து வைத்த கணினி என்றால் யாராவது நடந்து உள்ளே போக வேண்டும் என்று அர்த்தம், இதைவிட நல்ல சாகசம் வேறென்ன வேண்டும்? 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் புழு யுஎஸ்பி வழியாகவும் பரவும்படி எழுதப்பட்டது, ஈரானின் நத்தான்ஸ் அணு ஆலையின் இயந்திரங்களை அது நாசம் செய்தது.

இப்படி ஒரு வீட்டு விதி கேட்டுப் பாருங்கள். "இணைப்பு இல்லை" என்று சொன்னால் அதே மூச்சில் "ஆனால்..." என்று ஒரு வழி சொல்லியாக வேண்டும். இணைப்பு இல்லை, ஆனால் துப்புரவு நிறுவனத்தின் ஆட்கள் இரவு 11 மணிக்கு உள்ளே போகிறார்கள். இணைப்பு இல்லை, ஆனால் குளிர்சாதனத்தைப் பழுதுபார்க்க வருபவர் தன் கைக்கணினியை அங்கேதான் செருகுவார். சரி, இப்போது பேச்சுத்திறமை உள்ள உங்கள் கூட்டாளிக்கு வேலை வந்துவிட்டது, நீங்கள் அவர் காதில் பேசிக்கொண்டே வழிகாட்டுகிறீர்கள்.

நான் இணையப் பாதுகாப்புத் துறையில் வேலை செய்கிறேன். சினிமாத்தனமான ஹேக்கிங் பொறுக்கவில்லை. நிஜக் கருவிகள், நிஜக் கட்டளைகளை வைத்து விதி எழுதினால் என்ன?
உட்லண்ட்ஸ் வாசகர்

உங்கள் ஆதங்கம் புரிகிறது சார், ஆனால் கட்டளைகளை விடுங்கள். பகலெல்லாம் செய்த வேலையை ராத்திரி மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பது போல ஆகிவிடும், பள்ளிப் பிள்ளைகள் உட்காரும் மேசையாக இருந்தால் அது சரியும் இல்லை. நிஜத்திலிருந்து எடுக்க வேண்டியது அதன் காலம். நம் பொது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த் மீது நடந்த இணையத் தாக்குதலை நினைத்துப் பாருங்கள். 2017 ஆகஸ்ட்டில் ஒரு சாதாரண அலுவலகக் கணினி வழியாக உள்ளே வந்துவிட்டார்கள். தரவுகளை எடுத்துக்கொண்டு போனது 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை. நடுவில் பத்து மாதம் போல, சத்தமில்லாமல், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். 15 லட்சம் நோயாளிகளின் விவரம் போனது. நிறுத்தியது எந்தச் செயற்கை மூளையும் இல்லை, தரவுத்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஊழியர், தரவைத் தேடும் கேள்விகள் வழக்கத்துக்கு மாறாக ஓடுகின்றன என்று ஜூலை 4ஆம் தேதி கவனித்தார்.

இதை விதியாக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, இரண்டு சாகசங்களுக்கு இடையில் ஹேக்கருக்கு "காத்திருப்பு" கொடுப்பது. கதைக்குள் ஓடும் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு பகடை, எதிரியின் வலைக்குள் ஒரு அடி முன்னே, அல்லது ஒரு உண்மை தெரிந்துகொள்வது. சாகச நாளில் அந்த அடிகளை மறு உருட்டலாகச் செலவழிக்கலாம். எதிர்ப்பக்கத்திலும் ஒரு மனிதரை வையுங்கள், பெயர், வேலை நேரம், மகளுக்கு நாளை பிறந்தநாள் என்ற கவலை, எல்லாவற்றோடும். ஆட்டக்காரர்கள் அவரை ஏமாற்றவோ, அவருக்காகப் பரிதாபப்படவோ முடியும், காவல் நிரலிடம் இரண்டும் முடியாது. உங்கள் துறை அறிவு இந்த மனிதரை உருவாக்கும்போதுதான் பொன்னாக விளையும்.

நாங்கள் தமிழிலேயே விளையாடுகிறோம். நெட்ரன்னர், டீமன், ஆர்க்கிடெக்சர் என்று வந்ததும் பாதி வாக்கியம் ஆங்கிலமாகிவிடுகிறது. தமிழில் பெயர் வைக்க வழி உண்டா?
புக்கிட் பாத்தோக் வாசகி

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்லுக்குச் சொல் மாற்ற முயன்றால் பாடநூல் வாசனை அடிக்கும், ஹேக்கரை ஹேக்கர் என்றே சொல்லுங்கள். ஆனால் கோட்டையைத் தாக்குவதும் காப்பதும் திருடுவதும் மீட்பதும் நம் இலக்கணத்தில் துறை துறையாகப் பிரித்து வைக்கப்பட்ட விஷயம். பாதுகாப்பு அடுக்குகளுக்குக் காவற்காடு, அகழி, மதில் என்று வையுங்கள். முள்ளுக்காடு போலச் சிக்கவைத்து நேரத்தைத் தின்னும் அடுக்கு காவற்காடு. அகழி என்றால் உள்ளே முதலை இருக்கும், அதாவது கடிக்கிற நிரல், ஹேக்கரின் மூளையையே தாக்கும் வகை. மதில் என்பது கடவுச்சொல். பெயரைக் கேட்ட உடனே ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று மேசைக்குப் புரிந்துவிடுகிறது, விளக்கவே வேண்டாம்.

அதைவிட நல்லது ஒன்று இருக்கிறது. தரவுத் திருட்டு என்பது என்ன? பகைவரின் ஆநிரையை ராத்திரியோடு ராத்திரியாகக் கவர்ந்து வருவது, வெட்சி. தொல்காப்பியம் வெட்சிக்கு 14 துறைகள் சொல்கிறது, அவற்றை வரிசையாகப் படித்தால் கொள்ளைச் சாகசம் ஒன்றின் திட்டம் மாதிரியே இருக்கிறது. பாக்கத்தில் நற்சொல் கேட்பது, ஒற்றர் அறியாமல் புறப்படுவது, வேவு பார்த்து வரும் வேய், ஊரைச் சூழ்வது, ஆநிரையைக் கைப்பற்றும் ஆகோள், துரத்தி வருபவர்களைத் திருப்பி அடிக்கும் பூசல் மாற்று, ஆநிரைக்கு நோவு இல்லாமல் ஓட்டி வருவது, பங்கிடும் பாதீடு, கள்ளுண்டு களிக்கும் உண்டாட்டு, கடைசியில் கொடை. இதில் ஹேக்கருக்கு உரியது வேயும் ஆகோளும். பாக்கத்தில் காது கொடுப்பது பேச்சுக்காரரின் வேலை, கோப்பிக்கடையில் உட்கார்ந்து கேட்க வேண்டியதுதான். தெரியாமல் போவது ஓட்டுநருக்கு, பூசல் மாற்று துப்பாக்கிக்காரருக்கு. ஒவ்வொரு துறைக்கும் ஒரு பகடை, ஒரு தலைவர், மற்றவர்கள் உதவலாம். "நோயின்று உய்த்தல்" எனக்குக் கொள்ளை ஆசை ஏற்படுத்தும் துறை, ஏனென்றால் விதிநூல்கள் அதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. எடுத்த கோப்பு சிதையாமல், தடம் காட்டும் பொறி எதுவும் ஒட்டிக்கொள்ளாமல் வந்து சேர்ந்ததா என்று ஒரு சோதனை. அது தோற்றால் அடுத்த வாரம் கரந்தை. இழந்தவர்கள் மீட்க வருவார்கள், உங்கள் ஆட்டக்காரர்கள் இருக்கும் வீவக அடுக்குமாடி வீட்டுக்கே. அப்போது மதிலும் அகழியும் ஹேக்கர் கட்ட வேண்டியவை, பகடை இடம் மாறுகிறது.

எதிரி ஹேக்கர் என் இயந்திரக் கையைக் கைப்பற்றி என் கூட்டாளியையே சுட வைத்துவிட்டார். இது நியாயமா?
சுவா சூ காங் வாசகர்

எனக்கு நியாயமாகப் படவில்லை. இதே உலகத்தை வைத்து வந்த வீடியோ கேமில் தூரத்திலிருந்தே எதிரியின் உடலுக்குள் புகுந்து முடக்கலாம், அதைப் பார்த்துப் பலரும் மேசைக்கும் கொண்டுவருகிறார்கள். ரெட்டின் மூல விதிநூலில் நெட்ரன்னர் அப்படிச் செய்ய முடியாது. உங்கள் மேசைக்கு அது வேண்டும் என்றால் முதல் நாளே எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்டு வையுங்கள், நடுவில் திடீரென்று வரக்கூடாது. வந்தாலும் ஆட்டக்காரரின் கதாபாத்திரத்தை முழுக்கப் பிடுங்காமல் இரண்டு கெட்ட வழிகளைக் கொடுத்து அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். கை உன் சொல் கேட்கவில்லை, கூட்டாளியைச் சுடும், இல்லையென்றால் இணைப்பை அறுத்துக்கொள், இந்தக் காட்சி முடியும் வரை ஒற்றைக் கைதான். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது உங்கள் முடிவு, கதாபாத்திரம் உங்களிடமே இருக்கிறது.

என் 14 வயது மகன் இந்த ஆட்டத்தில் ஹேக்கராக விளையாடுகிறான். நிஜத்திலும் போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது.
அங் மோ கியோ தாய்

அக்கா, அவன் செய்வது பகடை உருட்டிக் கதை சொல்வது, அதில் கணினியே தேவையில்லை. இருந்தாலும் உங்கள் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அனுமதி இல்லாமல் ஒருவரின் கணினிக்குள் நுழைவது நம் ஊரில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம், முதல் முறைக்கே $5,000 வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். இதை அவனிடம் நேராகச் சொல்லுங்கள், தண்டனை பற்றிப் பயமுறுத்தும் குரலில் வேண்டாம், விதி என்ற முறையில் சொன்னால் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நன்றாகவே புரியும், அவர்கள் வாரம் முழுக்க விதிகளைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். முடிந்தால் ஒரு சனிக்கிழமை நீங்களும் போய் ஒரு ஓரமாக உட்காருங்கள்.

அண்ணே, தேசிய சேவையில் இருக்கிறேன். ஞாயிறு மாலை முகாமுக்குத் திரும்ப வேண்டும். ஹேக் பாதியில் நிற்கும்போதெல்லாம் அடுத்த வாரம் யாருக்கும் எதுவும் ஞாபகம் இல்லை.
பாசிர் ரிஸ் வாசகர்

மாடி நடுவில் நிறுத்தாதீர்கள் தம்பி, ஒரு மாடி முடிந்த இடத்தில் நிறுத்துங்கள். கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஒரு அட்டையில் மூன்றே விஷயம் எழுதுங்கள், எந்த மாடியில் இருக்கிறோம், தடம் எத்தனை கட்டம், யார் கையில் என்ன அட்டை. அதை ஃபோனில் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள், அட்டை ஆட்டத்தை நடத்துபவரிடமே இருக்கட்டும். அடுத்த வாரம் ஆரம்பிக்கும்போது அந்த மூன்றையும் ஹேக்கர் அல்லாத ஒருவர் வாசிக்க வேண்டும்.